29-வது வாரம், தூக்கமில்லாத இரவுகள்: உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம் தோழிகளே. இது என் முதல் கர்ப்பம், 29-வது வாரம் நடக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்தபடியே விடியும் வரை படுத்திருக்கிறேன். அசைவு தெரிந்த பிறகும் படபடப்பு அடங்குவதில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நான் நல்ல அம்மாவாக இருப்பேனா? கைக்குழந்தையை இதுவரை ஒழுங்காகத் தூக்கியதுகூட இல்லை. அழுதால் ஏன் அழுகிறது என்று எனக்குப் புரியுமா? கணவர் "எல்லாம் தானா வரும்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனாலும் அது எனக்குப் போதவில்லை.

போன வாரம் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக 1987-இல் வந்ததாம், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துகிறார்கள். பதற்றம் பற்றிய கேள்விகளில்தான் என் மதிப்பெண் கூடியிருந்தது. அடுத்த வாரம் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். அந்த முதல் சந்திப்பில் என்ன பேசினீர்கள்? நடு இரவில் விழிப்பு வந்தபோது என்ன செய்தீர்கள்? அப்புறம், குழந்தையைக் கையாள எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? அப்பாக்களும் எழுதலாம், கணவருக்கும் படித்துக் காட்டுவேன்.