கம்ப்யூட்டருக்கு இரண்டு ஸ்பீக்கர்: புதிதாக வெளிநாடு போயிருக்கும் டெல்டா பிள்ளைகளுக்கு

வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, குளிர்காலக் கோட்டு எல்லாம் இந்த இழையில் பேசியாகிவிட்டது. இப்போது டொராண்டோவிலிருந்து மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, லேப்டாப்பில் நாதஸ்வரம் கேட்டால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கிறது. கையில் 150 டாலர்தான். உருப்படியாக ஒரு ஸ்பீக்கர் சொல்லுங்கள்."

நானும் கனடாவில் பல வருஷம் இருந்துவிட்டுக் கும்பகோணத்துக்கே திரும்பியவன். அதற்கு முன்னால், பள்ளிக்கூட லீவு நாட்களில் சித்தப்பாவின் மைக் செட் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி: 150 டாலர் தாராளம். செலவழிக்கும் இடம்தான் முக்கியம்.

முதலில் அந்தத் தகரச் சத்தம். லேப்டாப்பில் இருக்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் அகலம்தான். அதனால் காற்றை வேண்டிய அளவுக்குத் தள்ள முடியாது. பெரும்பாலான லேப்டாப்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கனத்த தாழ் ஒலிகளில், பேருக்குத்தான் ஏதோ வரும். தவிலின் தொப்பி (கனத்த சத்தம் தரும் இடது பக்கம்), மிருதங்கத்தின் தொப்பி, தம்புராவின் அடி நாதம், ஆண் குரலின் கனம் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. நாதஸ்வரம் இயல்பிலேயே மேல் அதிர்வுகள் நிறைந்த வாத்தியம். கூட வரும் தவிலையும், ஒத்து என்ற சுருதிக் குழலையும் கழித்துவிட்டு மேல்பகுதியை மட்டும் கேட்டால் காதைக் குத்தத்தான் செய்யும். நாலு அங்குல வூஃபரும் (கனத்த ஒலிக்கான பெரிய கூம்பு) தனி ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கான சின்னது) உள்ள ஒரு ஜோடிப் பெட்டி வைத்தாலே இந்தக் குறையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். நம் ஊர் இசை பெரும்பாலும் நடு ஸ்தாயியில் நடப்பது. அதற்குத் தரையை அதிரவைக்கும் பாஸ் தேவையில்லை.

அடுத்து வாட்ஸ். "1000 வாட்ஸ்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து யாரும் மயங்கவேண்டாம். மார்கழி விடியற்காலையில் நம் ஊர்க் கோயில் குழாய் ஸ்பீக்கர் வயல் தாண்டி அடுத்த ஊர் வரை கேட்கிறதே, அந்தக் குழாய்க்குள் இருக்கும் யூனிட் முப்பது நாற்பது வாட்டுக்கு மேல் இருக்காது. குழாயின் உணர்திறன் அவ்வளவு அதிகம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 105 டெசிபலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டில் 85 டெசிபல் தரும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மின்சக்தி. குழாய் ஒரு வாட்டில் செய்வதை வீட்டுப் பெட்டி செய்ய நூறு வாட் வேண்டும். (அந்தக் குழாயில் தவிலின் தொப்பி கேட்காது, வலது பக்கமான வலந்தலை மட்டும்தான் டக் டக்கென்று வரும். அது வேறு கதை.)

ஆனால் உங்களுக்கு அடுத்த ஊர் வரை கேட்கவேண்டியதில்லையே. மேசைக்கு முன்னால் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் உட்கார்ந்து நிதானமான சத்தத்தில் கேட்டால், 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம், ஆம்ப்ளிஃபையரிலிருந்து (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) போவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். தனி ஆவர்த்தனத்தில் பலமாக ஒரு தட்டு விழும்போது ஐந்து பத்து வாட் எட்டிப் பார்க்கும். ஆகவே 20 வாட் ஆம்ப் போதும், 50 வாட் இருந்தால் தாராளம்.

சரி, என்ன வாங்குவது? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர். எடிஃபையரின் ஆர்1280 வரிசை, பிரிசோனஸ் எரிஸ் 3.5 போன்றவை புதிதாகவே இந்த பட்ஜெட்டை ஒட்டிக் கிடைக்கும். பிளக்கைச் சொருகி, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர் போட்டால் வேலை முடிந்தது. படிப்பும் பகுதிநேர வேலையுமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் வேறு யோசனை இல்லாமல் இதை வாங்கிவிடலாம்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி பாசிவ் ஸ்பீக்கரும் (உள்ளே ஆம்ப் இல்லாதது) தனியாக ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்பும் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை). வட அமெரிக்காவில் தானப் பொருட்கள் விற்கும் கடைகளிலும், வீடு காலி செய்பவர்கள் போடும் விளம்பரங்களிலும் நல்ல நல்ல பெட்டிகள் 20 முதல் 50 டாலருக்குள் கிடைக்கும். புதிதாகத்தான் வேண்டுமென்றால் மிக்கா எம்.பி.42, டேட்டன் ஆடியோ பி652 போன்றவை இருக்கின்றன. ஃபோசி, ஐயிமா என்ற பெயர்களில் வரும் உள்ளங்கையளவு ஆம்புகள் 50 டாலர் சுற்றுவட்டாரம். இந்த வழியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நாலு வருஷம் கழித்து ஆம்ப் போய்விட்டால் ஆம்பை மட்டும் மாற்றினால் போதும், பெட்டி அப்படியே இருக்கும். பவர்டு ஸ்பீக்கரில் உள்ளே ஒரு பாகம் புகைந்தால் பல சமயம் ஜோடியே குப்பைக்குத்தான் போகும்.

பழைய பெட்டி வாங்கப் போகும்போது கவனிக்கவேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், காசு வீணாவது இங்கேதான். முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். ஃபோம் பத்துப் பதினைந்து வருஷத்தில் மக்கிவிடும். விரலால் லேசாகத் தொட்டாலே உதிர்ந்தால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம். புது வளையம் ஒட்டலாம், அதற்கென்று கிட் விற்கிறார்கள், ஆனால் அது முதல் ஸ்பீக்கர் வாங்குபவருக்கான வேலை இல்லை. அடுத்து, கூம்பின் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வரவேண்டும். 'சரக்' என்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) சாய்ந்திருக்கிறது. கையோடு ஒரு ஹெட்ஃபோன்–ஆர்.சி.ஏ. ஒயர் (ஒரு முனை போனுக்கு, மறுமுனை ஆம்புக்கு) கொண்டுபோய், அவர்கள் ஆம்பிலேயே போனைச் சொருகி, உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள். பேலன்ஸைத் திருப்பி இடது தனியாக, வலது தனியாக. ட்வீட்டர் செத்திருந்தால் அந்தப் பெட்டியில் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும்.

பழைய ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து பிரித்த ஸ்பீக்கர்களை வாங்கவேண்டாம். பலவற்றின் இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 3 ஓம்தான், சின்ன ஆம்புக்கு அது பாரம். ஒயர் சொருகும் பின்னும் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருக்கும். பின்னால் சிவப்பு, கறுப்பு முனைகளும் 4, 6, 8 ஓம் என்ற எழுத்தும் இருந்தால் சரி.

ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகலாமா என்று திருவாரூர்த் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம்மா. ஜோடிப் பெட்டி எட்டுப் பத்துக் கிலோ வரும், அந்த எடையில் பருப்புப் பொடியும் வடகமும் கொண்டுபோங்கள். எடையை விட வோல்டேஜ்தான் பெரிய சிக்கல். நம் ஊரில் 230 வோல்ட். கனடா, அமெரிக்காவில் 120. இங்கே வாங்கிய ஆம்ப் அங்கே மூச்சே விடாது. அங்கே 120-க்கு மட்டும் செய்த ஆம்பை ஊருக்குக் கொண்டுவந்து சொருகினால் அந்த நிமிஷமே கருகிவிடும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் என்றால் வோல்டேஜ் நமக்கு ஒத்துப்போகும், பிளக்கின் பின்தான் வேறு. சின்ன கிளாஸ்-டி ஆம்பை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். லேப்டாப் சார்ஜர் போல அதற்கு அடாப்டர் தனி. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாளைக்கு டொராண்டோ வேலை முடிந்து துபாய்க்கு மாறினாலும், ஊருக்கே திரும்பினாலும் பின் மட்டும் மாற்றினால் போதும். புலம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இனி வைக்கும் முறை. 300 டாலர் பெட்டியைத் தப்பாக வைத்தவரை விட, 60 டாலர் பெட்டியைச் சரியாக வைத்தவர் நல்ல சங்கீதம் கேட்பார். இதை நான் முழுசாக நம்புகிறேன். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் அதே தூரம், மூன்று பக்கமும் சமமான முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரவேண்டும். கீழே இரண்டு தடித்த புத்தகம் கொடுத்துத் தூக்கலாம், அல்லது முன்பக்கத்தை லேசாக மேல்நோக்கிச் சாய்க்கலாம். முகம் உங்களைப் பார்த்துச் சற்றுத் திரும்பியிருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். மூலைக்குள் திணித்தால் பாஸ் ஊதிப்போய்க் குரலை மூடும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொந்த ஊர்ச் சரக்கே இருக்கிறது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைப் பதிவு ஒன்றைப் போடுங்கள். அவர் 1956-ல் காலமானார். ஸ்டீரியோ (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிச் சத்தம்) இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்ததே 1958-ஐ ஒட்டித்தான். அதனால் அவருடைய பதிவுகள் எல்லாம் மோனோ, இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம் போகும். கண்ணை மூடிக் கேட்டால் நாதஸ்வரம் இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில், பெட்டியே இல்லாத வெற்றிடத்திலிருந்து வரவேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் பெட்டியை நகர்த்துங்கள். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், அடி நாதமும் மெலிந்து, அறையெங்கும் பரவிக் கிடந்தால் ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. மாற்றிப் போட்டதும் வாத்தியம் நடுவில் வந்து நிற்பதை நீங்களே கேட்பீர்கள். அது சரியான பிறகு திருவையாற்று ஆராதனைக் கூட்டுப் பாட்டை ஸ்டீரியோப் பதிவில் போட்டால், வித்வான்களின் வரிசை இடமும் வலமுமாக விரியும்.

பழைய பெட்டியில் முனைகளின் நிறம் அழிந்திருந்தால் மைக் செட்காரர்களின் வழி ஒன்று உண்டு. 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயர் வைத்து ஸ்பீக்கர் முனைகளை ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் வெளியே துள்ளினால், செல்லின் பிளஸ் பட்ட முனைதான் சிவப்பு. உள்ளே இழுத்தால் எதிர்ப்பக்கம். தொட்டவுடன் எடுத்துவிடவேண்டும், பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

'ஊம்' என்ற இரைச்சல் வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் லூப். இரண்டு சாதனமும் வேறு வேறு வழியாக எர்த்தைத் தொடுவதால் வருவது. ஒரே பிளக் பலகையில் இரண்டையும் சொருகிப் பாருங்கள். போகாவிட்டால் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இந்த லூப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் கிடைக்கும், ஒயருக்கு நடுவில் போட்டால் தீர்ந்தது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லேப்டாப்பில் ஹெட்ஃபோன் துளையே இல்லை, அல்லது துளையிலேயே புஸ்ஸென்ற சத்தம் இருக்கிறது என்றால் ஆப்பிள் விற்கும் சின்ன டைப்-சி ஹெட்ஃபோன் அடாப்டர் போதும். பத்து டாலர் பக்கம், விண்டோஸிலும் வேலை செய்யும், சுத்தமான சத்தம்.

ஒயருக்குக் காசு கொட்டவேண்டாம். இரண்டு மூன்று மீட்டருக்குச் சாதாரண 16 கேஜ் செம்பு ஒயர் போதும். புளூடூத் பாட்டுக்குப் பரவாயில்லை, படம் பார்த்தால் பல சமயம் உதடு முந்தும், சத்தம் பிந்தும். ஒயரே நல்லது.

சப்வூஃபர் (பாஸுக்கென்றே தனிப் பெட்டி) வேண்டுமா என்ற கேள்விக்கு, அடுக்குமாடியில் இருக்கும் வரை வேண்டாம் என்பதே என் பதில். வட அமெரிக்காவில் நிறையக் குடியிருப்புகள் மரச்சட்ட வீடுகள். பாஸ் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ஜெர்மனியில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அப்படித்தான், அங்கே இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஓர் அறையில் நாலு பேர் தங்கியிருப்பவர்களுக்கு ஸ்பீக்கரே வேண்டாம். அந்தக் காசில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள், ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

கடைசியாக வேதாரண்யம் தம்பி கேட்டது. ஊரில் அப்பாவுக்கும் இதே மாதிரி ஒன்று அமைத்துத் தரலாமா? தாராளமாகத் தரலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டுக்கு 100–240 அடாப்டர் இன்னும் பொருத்தம். ஆனால் உங்கள் பக்கம் உப்புக் காற்று. ஒயர் முனையை வெறுமனே முறுக்கிச் சொருகாமல், ஈயம் பற்றவைத்தோ பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டும் பின்) போட்டோ இணையுங்கள், இல்லையென்றால் பச்சை பூத்துக் கரகரவென்று வரும். பெட்டி எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) என்பதால் மழைக்காலத்தில் தரையில் வைக்கவேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும், கரையானும் ஏறும். சுவரில் அலமாரி அடித்து அப்பா உட்காரும் நாற்காலியின் காது உயரத்துக்கு வையுங்கள். ஆம்பின் முகப்பில் குமிழ் ஒன்று மட்டும் இருக்கிற மாடலாகப் பாருங்கள், ரிமோட் தேடும் வேலை அவருக்கு இருக்காது.