சாங்பா பெண்களுக்கு ஹீமோகுளோபின் 13: ரத்தசோகையா?

கேள்வி (துளிரத்தம்):
லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஆடும் யாக்கும் மேய்க்கும் சாங்பா பழங்குடியில், கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13 கிராம் என்று வருகிறது. சமவெளிக் கணக்கில் 12-க்கு மேல், பிரச்சினை இல்லை. உயரத்துக்கான திருத்தம் போட்டால் ரத்தசோகை. எதை எடுத்துக்கொள்வது?

பதில் (மஜ்ஜை):
உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அட்டவணைப்படி அந்த உயரத்துக்கு 3.3 கழிக்க வேண்டும். 9.7 வரும், அதாவது மிதமான ரத்தசோகை. சிக்கல் என்னவென்றால், அட்டவணை எல்லா மலைவாசிக்கும் ஒரே அளவைக் கழிக்கிறது. மலையில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும், ஹீமோகுளோபின் ஏறும். அதனால்தான் கழிக்கிறார்கள். திபெத்தியரிடம் இபிஏஎஸ்1 மரபணுவின் தனி வடிவம் (டெனிசோவன் என்ற அழிந்துபோன ஆதி மனித இனத்திடமிருந்து வந்தது) இந்தத் தூண்டலை அடக்கி வைக்கிறது. அவர்கள் வேகமாக மூச்சுவிட்டும், நைட்ரிக் ஆக்சைடால் ரத்தக்குழாய்களை விரித்தும் சமாளிக்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள் கதை வேறு. அங்கே ரத்தம் கெட்டியாகும். ஹீமோகுளோபின் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 19 தொட்டால் மோங்கே நோயை (நாள்பட்ட மலைநோய்) சந்தேகிப்பார்கள். சாங்பா மக்கள் திபெத்திய வழியினர். ஆகவே 3.3 முழுசாகக் கழிப்பது என் பார்வையில் மிகை.

பதில் (இரும்புச்சட்டி):
சண்டையைத் தீர்ப்பது ஃபெரிட்டின்தான், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு உறுதி. கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் பாருங்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது எல்லை 70. சாண அடுப்புப் புகையையும் மறக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை உயர்த்தி, குறைபாட்டை மறைத்துவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டரையும் ஏமாற்றும், நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டும்.

பதில் (மஜ்ஜை):
அதோடு விரல்நுனி ரத்தமா என்று கேளுங்கள். குளிரில் விறைத்த விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு இறங்கும். கையை வெந்நீரில் சூடாக்கி, முதல் இரண்டு சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் சொட்டை எடுக்க வேண்டும். சந்தேகமென்றால் சிரையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தையே நம்புங்கள். ஆக்சிஜன் செறிவு 85 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம், அந்த உயரத்தில் அது வழக்கம்.

துளிரத்தம்:
நன்றி. ஃபெரிட்டின் குறைந்தவர்களுக்கு இரும்பு மாத்திரையோடு வேறு ஏதாவது?

பதில் (இரும்புச்சட்டி):
வெண்ணெய் போட்ட உப்புத் தேநீரைக் கவனியுங்கள், அதுதான் இடைஞ்சல். நாள் முழுக்கக் குடிப்பார்கள், அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் சரியாக இருப்பவருக்கு மாத்திரையே வேண்டாம்.