கம்பெனி வேலையில் கிடைத்த பிழைத்திருத்தம்: ஓப்பன் சோர்ஸுக்கு அனுப்பலாமா?

பொங்கோல்வாசி:
இங்கே சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலை, எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி). ஆபீஸில் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்த) பைத்தான் லைப்ரரி ஒன்றில் மெமரி லீக் (பயன்படுத்திய நினைவகத்தை விடாமல் பிடித்து வைக்கும் பிழை). திருத்தம் கையில் இருக்கிறது. "பணிக்காலத்தில் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே" என்கிறது ஒப்பந்தம். சனிக்கிழமை சொந்த லேப்டாப்பில் எழுதி அனுப்பினால் பிரச்சினை வராதுதானே? சிஎல்ஏ (பங்களிப்பவர் தரும் உரிம ஒப்பந்தம்) வேறு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

கிளமெண்டி_கர்னல்:
லேப்டாப்பும் கிழமையும் உங்களைக் காப்பாற்றாது. 2021 பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்து உருவாக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு போன்றவற்றின் உரிமையை உருவாக்கியவர் பக்கம் திருப்பியது. ஆனால் ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே. ஆபீஸ் சர்வரில் கண்ட லீக்கைத் திருத்துவது உங்கள் வேலையேதான். போதாததற்கு அந்த ஒப்பந்த வரி இன்னும் அகலம்.

அப்பாச்சி (ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளை) மாதிரியான தனிநபர் சிஎல்ஏவில், முதலாளிக்கு உரிமை இருந்தால் அவரிடம் அனுமதி வாங்கிவிட்டதாக நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். அனுமதியில்லாமல் போட்டால் அது பொய். சில ப்ராஜெக்ட்டுகளில் மாற்றக் குறிப்பின் கீழே பெயரோடு போடும் "சைன்ட்-ஆஃப்-பை" வரியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மேலாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: ப்ராஜெக்ட்டின் பெயர், லைசென்ஸ், மாறும் கோப்புகள், கம்பெனி லாஜிக் எதுவும் இல்லை என்ற ஒரு வரி. "இந்த ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் பிழைத்திருத்தங்கள்" என்று குறுக்கிக் கேளுங்கள். "எல்லா ஓப்பன் சோர்ஸுக்கும்" என்று கேட்டால் லீகலில் மாதக்கணக்கில் தூங்கும். திருத்தம் மூல ப்ராஜெக்ட்டில் சேராவிட்டால் ஒவ்வொரு அப்கிரேடிலும் நம் ஆளே அதைத் திரும்ப ஒட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த வாதம் எடுபடும்.

தெம்பனிஸ்_டெவ்:
அனுமதி கிடைத்தாலும் ஆபீஸ் பிராஞ்சை (கோடின் கிளையை) அப்படியே புஷ் செய்யாதீர்கள், அதாவது வெளியே ஏற்றாதீர்கள். உள் சர்வர் பெயர், டிக்கெட் எண், டெஸ்ட் கோப்பில் நிஜ வாடிக்கையாளர் தரவு எல்லாம் கமிட் (பதிந்த மாற்றங்கள்) வரலாற்றோடு வெளியே போகும். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழையதில் இருக்கும். ஃபோர்ஸ் புஷ் செய்து பழைய வரலாற்றை மாற்றி எழுதினாலும், கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் பழைய கமிட்டை அதன் ஹாஷ் (அடையாளக் குறி) தெரிந்தவர் திறந்து பார்க்கலாம். டோக்கன் (கடவுச்சொல் போன்ற அணுகல் சாவி) கசிந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள், வரலாற்றைப் பிறகு பார்க்கலாம்.

மூல ப்ராஜெக்ட்டின் மெயின் பிராஞ்சிலிருந்து புதிதாக ஒன்று எடுத்து, மாற்றத்தை மட்டும் கையால் எழுதுங்கள். டெஸ்டுக்குப் போலித் தரவு. எந்த மின்னஞ்சல் முகவரியில் கமிட் போக வேண்டும் என்பதையும் அனுமதியிலேயே கேட்டுவிடுங்கள். கமிட்டுகளைப் பதியும் கருவியான கிட்டின் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) "இன்க்ளூட்இஃப்" போட்டால் ஃபோல்டரைப் பொறுத்து முகவரி தானாக மாறும்.

பொங்கோல்வாசி:
நன்றி. கிட்ஹப்பில் நன்கொடை வாங்க ஸ்பான்சர் பட்டன் வைக்கலாமா?

கிளமெண்டி_கர்னல்:
இப்போதைக்கு வேண்டாம். பாஸில் உள்ள முதலாளிக்கு மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். காசு வாங்குமுன் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள்.