செல்கோகியெலி: ‘தெளிமொழி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். பின்லாந்தில் ‘செல்கோகியெலி’ என்பது எளிதில் புரியும்படி மாற்றி எழுதிய பின்னிய மொழி. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘எளிய தமிழ்’ என்று ஏற்கெனவே சொல்கிறோமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, ஓர் எழுத்தாளரின் நடையைப் பாராட்டவும் ‘எளிய தமிழ்’ என்கிறோம்; அரசு அறிவிப்பை மக்களுக்குப் புரியும்படி எழுதச் சொல்லும்போதும் அதையே சொல்கிறோம். செல்கோகியெலி இவ்விரண்டிலும் சேராது. அறிவுசார் குறைபாடு உடையவர்கள், நினைவாற்றல் குன்றியவர்கள், பின்னிய மொழியைப் புதிதாகக் கற்கும் குடியேறிகள் ஆகியோருக்காக உள்ளடக்கம், சொல், தொடரமைப்பு மூன்றையும் மாற்றி எழுதும் முறை அது. அதை வளர்க்கவே பின்லாந்தில் செல்கோகெஸ்குஸ் என்ற மையம் இருக்கிறது. அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யுலே 1992 முதல் வானொலியில் அந்த மொழியில் செய்தி சொல்லிவருகிறது. இவ்வளவு திட்டமான ஒன்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

> எளிமொழி? மழலைமொழி?

மழலைமொழி வேண்டவே வேண்டாம். 2018 ஜூலை 23 அன்று ஏதென்ஸுக்கு அருகே மாட்டி என்ற கடற்கரைக் குடியிருப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பலத்த காற்றில் பென்தெலி மலைப்பக்கத்திலிருந்து தீ இறங்கி வந்தது. தீக்கும் கடலுக்கும் நடுவே மக்கள் சிக்கினார்கள். 104 பேர் இறந்தார்கள். இச்செய்தியைப் பின்னிய மொழியைப் புதிதாகக் கற்கும் ஒருவருக்குச் சொல்ல வாக்கியங்களைச் சிறிதாக்கலாம். இறந்தவர்களைப் பற்றிக் குழந்தைக்குக் கதை சொல்லும் குரலில் பேசக் கூடாது. படிப்பவர் வளர்ந்தவர்; அவருக்குக் குறைவது மொழி மட்டுமே.

‘எளிமொழி’யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. எளியவர் என்றால் வறியவர் என்றும் பொருள் இருப்பதால், இரக்கப்பட்டுக் கொடுத்த மொழி என்ற தொனி வந்துவிடுகிறது.

என் பரிந்துரை: தெளிமொழி. ‘செல்கோ’ என்பதும் தெளிவைக் குறிக்கும் சொல்தான். தெளிதல் படிப்பவரின் செயல் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். காட்டுத்தீச் செய்தியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பின்னிய மொழியில் ‘பலவத்’ என்றால் எரிகின்றன. ‘பலாவத்’ என்றால் திரும்புகிறார்கள். வீடுகள் பலவத், சில நாள் கழித்து மக்கள் ஊருக்குப் பலாவத். ஒரே செய்தியில் இரண்டும் வரும். ஒருமையில் அந்த வேறுபாடும் கிடையாது, இரண்டுமே ‘பலா’தான். குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்குப் பன்மை வடிவங்கள் பிடிபடும். ஒருமைக்கு எழுவாயைப் பார்த்தாக வேண்டும். நீண்ட தொடரில் எழுவாய் எங்கோ இருக்கும். செல்கோகியெலியில் அது வினைக்குப் பக்கத்திலேயே நிற்பதால், எரிவது காடு, திரும்புவது மனிதர் என்று மாணவர் தாமே தெளிகிறார்.

 

இது வெறும் பாடப் பயிற்சியும் அல்ல. ‘மெத்ஸாபலோ’ என்றால் காட்டுத்தீ என்று இப்படிக் கற்றவர், கோடையில் ‘மெத்ஸாபலோவரோய்துஸ்’ என்ற எச்சரிக்கையைக் கேட்டதும் காட்டிலோ அதன் அருகிலோ திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது என்று புரிந்துகொள்வார்.

> ‘தெளி’ என்றால் நீர் தெளிப்பது நினைவுக்கு வராதா? தனிமொழி என்றும் மயங்குவார்களே?

‘மொழி’ சேர்ந்தபின் நீர் நினைவுக்கு வராது, அம்மா. பேச்சுமொழி, எழுத்துமொழி என்கிறோம். அவற்றை யாரும் தனிமொழியாக எண்ணுவதில்லை. தெளிமொழி வினைத்தொகை; இடையில் ஒற்றும் மிகாது. தெளிமொழிச் செய்தி, தெளிமொழியாக்கம், தெளிமொழியாளர் என்று சொல் தடையின்றி வளரும். எல்லோருக்குமான அறிவிப்பு நடைக்கு ‘எளிய நடை’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது நிலைப்பெயர்கள். பின்லாந்தில் செல்கோகியெலியை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டுக்கு எளிநிலை, அடிப்படைநிலை போதும். மூன்றாவதன் பெயருக்கு நேர்ப்பொருள் ‘கூடுதல் திறன் கோருவது’, அதாவது கடினமானது. ‘கடினத் தெளிமொழி’ தன்னைத்தானே மறுக்கிறது. ‘மேல்நிலைத் தெளிமொழி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள்.