ஆடி அமாவாசையன்று சூரிய கிரகணம்: பொதுமக்கள் பார்க்கும் கூடுகையைச் சேலத்தில் எங்கே, எப்படி நடத்தலாம்?

கேள்வி: குகை வான்நோக்கி

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருக்கும் சிலர் ஒன்றுசேர்ந்து, வானம் தெளிந்த மாலைகளில் நிலவையும் வியாழனையும் சனியையும் தெருவோரத்தில் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டி வருகிறோம். 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை நிகழும் சூரிய கிரகணத்தையும் அவ்வாறே ஊர் பார்க்கும்படி காட்ட விரும்புகிறோம். அன்றைய முழுக் கிரகணப் பாதை தென் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சவூதி அரேபியா, ஏமன் வழியே செல்கிறது. எகிப்தின் லக்சார் அருகே சூரியன் 6 நிமிடத்துக்கும் மேல் முழுதாக மறைந்திருக்கும். நமக்குத் தெரியப்போவது பகுதி கிரகணம் மட்டுமே.

2019 டிசம்பர் 26 காலையில் வளையக் கிரகணம் (நிலவு நடுவை மறைக்க, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரிவது) கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் தெரிந்தபோது, சேலத்திலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தது. ஆனால் எங்கள் தெருவில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். வாசலுக்கு வந்திருந்தால் கண்ணெதிரே கண்டிருக்கக்கூடிய ஒன்றை அவர்கள் இழந்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

இப்போது எங்களுக்குள் இரண்டு கருத்துகள் உள்ளன. ஏற்காட்டில் லேடீஸ் சீட் போன்ற உயரமான இடத்தில் எல்லோரையும் கூட்டுவது சிறப்பு என்கிறார்கள் சிலர். நகருக்குள் ஒரு பள்ளி மைதானமே போதும் என்கிறேன் நான். கண்பாதுகாப்பு, மேகம், இடம் ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஏற்காடு தோட்டப் பணியாளர்

மலையில் வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து இங்கே வைக்காதீர்கள். ஆகஸ்ட் மாத மாலைகளில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து, எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாதபடி மூடிவிடுவது இங்கே வழக்கமான காட்சி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நின்றால் சூரியன் கூடுதலாகத் தெரியும் என்று கருத இடமே இல்லை. மேகத்துக்குக் கீழே நிற்பதற்குப் பதிலாக மேகத்துக்குள்ளேயே நிற்க நேரிடும். அதோடு, சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டும் நேரத்தில், ஒருவேளை மழையிலும், இறங்க வேண்டியிருக்கும். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சியாக அது சுருங்கிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சேலத்துச் சமவெளியிலும் ஆகஸ்ட் மழை மாதம்தான். பகல் வெயில் ஏறி, மாலையில் இடிமேகம் திரள்வது நாம் அறிந்ததே. ஆகவே ஊரையே ஒரே மைதானத்தில் கூட்டுவதைவிட, ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, அம்மாப்பேட்டை எனப் பல இடங்களில் சிறு குழுக்களாக நடத்துவதையே பரிந்துரைக்கிறேன். ஓரிடத்தில் மேகம் மூடினாலும் இன்னோர் இடத்தில் திறந்திருக்கும். அதைவிட முக்கியமாக, தம் தெருவிலேயே நடக்கும் காட்சிக்கு வரத் தயங்கும் பாட்டியும் பத்தடி நடந்து வந்து பார்த்துவிடுவார்.

இந்தக் கிரகணத்தின் தன்மையைக் கணக்கில் கொள்ளுங்கள். மாலை நேரமாதலால் சூரியன் மேற்கில், சற்று வடக்கு சாய்ந்து, தாழ்வாக இருக்கும். உச்சிவெயிலில் புங்கமரத்தடியில் பிறைபிறையாக ஒளி விழும் அழகிய காட்சியை இம்முறை தரையில் எதிர்பார்க்க வேண்டாம். இலைகளினூடே வரும் ஒளி சாய்ந்து வந்து கிழக்கே உள்ள சுவரில் விழும். வெள்ளைச் சுவருக்கு மேற்கே ஒரு மரம் நிற்கும் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். வீட்டிலிருக்கும் ஜல்லிக்கரண்டியைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அதன் நிழலை ஓர் அட்டையில் வாங்கினாலும் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு சூரியனைக் காட்டும்.

ஆனால் கூட்டத்துக்கு மிகவும் ஏற்றது கண்ணாடி முறைதான். முகம் பார்க்கும் சிறு சமதளக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை விட்டு, அதை வெயிலில் வைத்து, பிரதிபலிக்கும் ஒளியை இருட்டாக்கப்பட்ட வகுப்பறையின் சுவருக்குத் திருப்ப வேண்டும். பிம்பத்தின் விட்டம், கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஏறத்தாழ 109-இல் ஒரு பங்காக இருக்கும். 20 மீட்டர் தள்ளி வைத்தால் சுமார் 18 சென்டிமீட்டர் அகலச் சூரியன் சுவரில் தெரியும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில், யாரும் சூரியனை ஏறிட்டுப் பார்க்காமல், நிலவின் விளிம்பு நகர்வதைக் காணலாம். பூமி சுழல்வதால் பிம்பம் விலகிக்கொண்டே போகும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் திருப்ப ஒரு மாணவரை நியமித்து, அந்தக் கண்ணாடியை எவரும் நேராகப் பார்க்காதபடி கவனித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

இடத்தை ஒத்திகை பார்க்கவும் வழியுண்டு. ஆகஸ்ட் 2 அன்று வானில் சூரியன் செல்லும் அதே பாதையில்தான் மே 11-ஐ ஒட்டியும் செல்கிறது. கடிகாரக் கணக்கில் மட்டும் சுமார் 10 நிமிட வேறுபாடு உண்டு. ஆகஸ்டில் மாலை 5 மணிக்கு இருக்கும் இடத்தில் மே மாதத்தில் 4.50-க்கே இருக்கும். கோடை விடுமுறையில் அந்த மாலை நேரத்தில் மைதானத்துக்குப் போய், எந்தக் கட்டடம் அல்லது மரம் மறைக்கிறது என்று பார்த்து வைத்துவிடுங்கள். கஞ்சமலைக்கோ நகரமலைக்கோ மிக அருகில் இருக்கும் ஊர்களுக்கு இது கட்டாயம் தேவை.

பதில்: கண் மருத்துவமனை ஊழியர்

பாதுகாப்பு குறித்து மட்டும் எழுதுகிறேன். சூரியனை நேராகப் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்குத்தான் உள்ளே விடும். எக்ஸ்ரே படலம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, பழைய சிடி ஆகிய எதையும் அனுமதிக்காதீர்கள். அவை கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லாததால், அது வெந்துகொண்டிருக்கும்போதும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கறை தெரியத் தொடங்கும்.

தாம்பாளத்து மஞ்சள்நீரில் சூரியனைப் பார்க்கும் பழக்கம் நம் பகுதியில் உண்டு. தாழ்ந்த சூரியனை நீர் மேலும் வலுவாகப் பிரதிபலிக்கும் என்பதால், இந்த மாலைக் கிரகணத்தில் அது கூடுதல் ஆபத்தானது. தொலைநோக்கி வைப்பவர்கள் வடிகட்டியை முன்வாயில்தான் பொருத்த வேண்டும். கண் வைக்கும் முனையில் பொருத்தும் வடிகட்டி வெப்பத்தில் வெடித்துவிடக்கூடும். பக்கத்திலுள்ள சிறு ஃபைண்டரையும் (குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) மூடிவிடுங்கள். காற்றில் வடிகட்டி கழன்று விழாதபடி ஒட்டுநாடாவால் இறுக்குங்கள். தொலைநோக்கியை விட்டு ஒரு நிமிடம்கூட அதன் பொறுப்பாளர் விலகக் கூடாது. வடிகட்டிக் கண்ணாடியை அணிந்தபடி பைனாகுலரில் பார்ப்பதும் பார்வையைப் பறிக்கும். இதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

குகை வான்நோக்கி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மலைத் திட்டத்தைக் கைவிட்டு, பள்ளிகள் வாரியாகப் பிரித்துக்கொள்ள நண்பர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்னும் ஒரு ஐயம் உண்டு. அன்று ஆடி அமாவாசை. கோட்டை மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாக் காலமும் அதுவே. கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று நம்புகிறவர்களை எப்படி அழைப்பது?

பதில்: அறிவியல் பரப்புரைத் தொண்டர், ஆத்தூர்

சூரிய கிரகணம் எப்போதுமே அமாவாசையில்தான் வரும் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். காலையில் மேட்டூரிலோ பவானி கூடுதுறையிலோ தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருபவர், சூரியனும் நிலவும் ஒரே திசையில் சேரும் நாள் அது என்பதை நன்றாகவே அறிவார். அவருக்குத் தெரிந்ததன் தொடர்ச்சியாகவே கிரகணத்தை விளக்க முடியும். நம்பிக்கையைக் கண்டிக்கும் பதாகைகளை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுண்டலும் தேநீரும் மேசையில் இருக்கட்டும். நீங்கள் இயல்பாகச் சாப்பிடுங்கள், யாரையும் வற்புறுத்தாதீர்கள். கிரகணக் கதிரால் கருவுக்குத் தீங்கு நேரும் என்பதற்கு ஆதாரமில்லை என்பதை, கேட்பவர்களிடம் மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். வெளியே வர விரும்பாத கர்ப்பிணிக்கு, அந்த இருட்டு வகுப்பறையில் கண்ணாடி முறையில் சூரியனைக் காட்டலாமே.

உலக்கையையும் மறக்காதீர்கள். கிரகணத்தின்போது மட்டுமே தாம்பாளத்து நீரில் உலக்கை தானாக நிற்கும் என்று நம் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். அடிப்பகுதி தட்டையாகவும் தரை சமமாகவும் இருந்தால், கை நடுங்காமல் நிறுத்தும் எவருக்கும் எந்த நாளிலும் அது நிற்கும். இதைக் கிரகண நாளில் செய்து காட்டினால் பயனில்லை. ஜூலை மாதத்திலேயே, ஏதாவதொரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பள்ளிப் பிள்ளைகளின் கையில் உலக்கையைக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாத்தா முன்னிலையில் மறுபடியும் நிறுத்திக் காட்டுவார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. மறுநாள் ஆடிப்பெருக்கு என்பதால் காவல்துறையினர் ஆற்றங்கரைகளில் பணியில் இருப்பார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் எழுத்துமூல ஒப்புதலையும், காவல் நிலையத்துக்கான தகவல் கடிதத்தையும் ஜூலை முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மாலை 6.15-க்குள், சூரியன் மறையும் முன்பே கிரகணம் முடிந்துவிடும். வடிகட்டிக் கண்ணாடிகளைத் திரும்ப வாங்கி, கீறல் இல்லாதவற்றைப் பிரித்து உலர்ந்த உறையில் வைத்திருங்கள். 2031 மே 21 அன்று வளையக் கிரகணப் பாதை தமிழகத்தின் தென்பகுதி வழியே செல்லும்போது, இப்போது பயிற்சி பெறும் மாணவர்களே அதை முன்நின்று நடத்த முடியும்.