மாக்கில் பில் காலி, கடையில் சரியாக வருகிறது. ஏன்?

தோவாளைக்காரன்
மாமாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூக்கடை. பில் போட பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடை போடப் போட வரிகள் ஒரு லிஸ்டில் சேரும். கணக்கு முடிந்ததும் லிஸ்டை பிரிண்டரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்காக கிளியர் செய்கிறேன். டெஸ்டில் பிரிண்டருக்குப் பதில் மாக், அதாவது தன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று குறித்துவைக்கும் போலிப் பொருள். பிச்சி 5 கிலோ, அரளி 10 கிலோ, இரண்டே வரி. ஆனால் மாக்கிடம் என்ன கொடுத்தோம் என்று சரிபார்க்கும் அசெர்ட்_கால்ட்_வித் ஃபெயில் ஆகிறது, காலி லிஸ்ட்தான் வந்தது என்கிறது. எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று சொல்லும் கால்_கவுண்ட் மட்டும் ஒழுங்காக 1. இரண்டு ராத்திரி போய்விட்டது, யாராவது சொல்லுங்களேன்.

தக்கலை_அண்ணன்
தம்பி, மாக் எதையும் காப்பி எடுத்து வைக்காது. நீங்கள் கொடுத்த அதே லிஸ்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கிளியர் செய்ததும் அதன் கையில் இருப்பதும் காலி. அசெர்ட் ஓடுவது அதற்கும் பிறகு. மாக்கைக் கூப்பிடும்போதே ஓடும் சைடு_எஃபெக்டில் ஒரு ஃபங்ஷன் வைத்து, டீப்காப்பி (முழு நகல்) எடுத்து ஒப்பிடலாம். நானாக இருந்தால் டெஸ்டைத் தொடமாட்டேன், புரோகிராமைத்தான் மாற்றுவேன். கிளியருக்குப் பதில் புது லிஸ்ட் போடுங்கள். அப்புறம், உங்கள் பிரிண்டர் வேறு த்ரெட்டில் (புரோகிராமுக்குள் கூடவே ஓடும் தனி ஓட்டத்தில்) அச்சடிக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அப்படியென்றால் கடையிலும் இதே கதை நடக்கும்.

குளச்சல்_கடற்கரை
அண்ணன் சொன்னது சரி. தராசையும் மாக் செய்திருந்தால் அதையும் பாருங்கள். மேஜிக்மாக் என்ற வகை மாக்கை, முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் போட்டால் எர்ரர் வராது, 1 வரும். மீன் ஏலக் கணக்கு எழுதியபோது ரிட்டர்ன்_வேல்யூ, அதாவது மாக் திருப்பித் தரவேண்டிய மதிப்பு, கொடுக்க விட்டுப்போனது. கூடைக்குக் கூடை 1 கிலோ, டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். இஃப்பில் வைத்தாலும் அப்படித்தான்: ‘பேப்பர் இருக்கிறதா’ என்றாலும் ஆம், ‘தீர்ந்துவிட்டதா’ என்றாலும் ஆம். உங்கள் டெஸ்டாவது ஃபெயில் ஆகிக் காட்டிக்கொடுத்தது. பாஸ் ஆகிற மாக்தான் எனக்குப் பயம்.

தோவாளைக்காரன்
அண்ணே, பார்த்துவிட்டேன். பிரிண்டர் லைப்ரரி வேலையைத் தனி த்ரெட்டுக்குத்தான் தள்ளுகிறது. ஓணத்துக்குப் பூ ஏற்றிய அன்று, நல்ல கூட்டத்தில், இரண்டு பில் இப்படித்தான் வந்தது. மேலே கடைப்பெயர், தேதி. கீழே ஒரு வரிகூட இல்லை. தாள் கோளாறு என்று நினைத்து மாமா கையால் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இரண்டும் இன்னும் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. புது லிஸ்ட் போட்டு மாற்றிவிட்டேன், டெஸ்ட் பாஸ். நாளை விடியற்காலை கடைக்குப் போய் மாமாவிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும்.