புலிக்காலும் கேப்ரியோல் காலும்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மரவேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். கொரியாவின் சோபானையும் (தரையில் உட்கார்ந்து சாப்பிடும் சின்ன மேசை, ஏறக்குறைய 30 செ.மீ. உயரம்) 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கேப்ரியோல் காலையும் (நாற்காலி, மேசைகளுக்கு வைக்கும் வளைந்த கால்) பக்கத்தில் வைத்து வரைந்து பார்க்கிறேன்.

சோபானில் ஹோஜோக்பான் என்ற புலிக்கால் வகையில் மேலே முட்டி புடைத்து, கீழே ஒடுங்கி, பாதம் வெளியே திரும்பும். குஜோக்பான் நாய்க்கால், அதில் பாதம் உள்ளே மடங்கும். என் கண்ணுக்கு நாய்க்கால்தான் அழகு. கேப்ரியோலும் அதே எஸ் வளைவுதான், ஆனால் பாதம் வட்டத் திண்டாகவோ உருண்டையைப் பற்றிய நகங்களாகவோ முடிகிறது.

தேக்கில் ஒரு புலிக்கால் செதுக்கினேன். கணுக்கால் ஒடுங்கும் இடத்தில் மர இழை குறுக்கே ஓடியதால், லேசாக அழுத்தியதுமே பட்டென்று உடைந்துவிட்டது. இரண்டு நாள் வேலை.

கொரியத் தச்சர்கள் இழையை எந்தப் பக்கம் வைத்து அறுப்பார்கள்? காலை மேல்பலகையோடு எப்படிக் கோப்பார்கள்? அப்புறம், இந்த இரண்டு வளைவுகளுக்கும் சீன மரச்சாமான்கள்தான் பொதுவான மூலமா? சோபானின் அடிப்பக்கப் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த கட்டையை அறுக்காமல் காத்திருக்கிறேன்.